இரண்டரைக் கப் மாவு

"மேவிஸ், என் கேக் மறுபடியும் வெடிச்சுப் போச்சுடீ."

ஹேசல் ஜெரிக் இப்படித் தொலைபேசியில் புலம்பத் தொடங்கியபோது காலை மணி ஒன்பது பத்து. மேவிஸ் டிரெலோர் ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, உருளைக்கிழங்குக்குத் தோல் சீவியபடியே கேட்டாள்.

"எங்க வெடிச்சது? நடுவுலயா, ஓரத்துலயா?"

"நட்ட நடுவுல. எங்க பின்பக்கத்து நிலம் ஜனவரி வெயில்ல எப்படிக் கெடக்கும், அப்படி. கத்தி வெச்சா உதிருது. என் புருஷன் கென் ஒரு துண்டை வாயில போட்டுட்டுத் தண்ணித் தொட்டியப் பார்த்து ஓடினான்."

"அடுப்புல சூடு கூடியிருக்கும்."

"இருபத்திரண்டு வருஷமா அதே அடுப்பு. அதுக்கு இப்பத் திடீர்னு காய்ச்சலா வந்துடுச்சு?"

கம்பியில் யாரோ மூச்சு விட்டார்கள். வடக்கு ரோட்டில் ஏழு வீட்டுக்கும் ஒரே கம்பி. இரண்டு நீளம் ஒரு குட்டை என்று மணி அடித்தால் மேவிஸ் வீடு. மூன்று குட்டை என்றால் ஹேசல் வீடு. யார் வீட்டுக்கு அடித்தாலும் ஏழு வீட்டிலும் அடிக்கும், கேட்கிறவர்கள் கேட்பார்கள்.

"யாரது? ஐவியா?" என்றாள் ஹேசல்.

"நான் ஒண்ணும் ஒட்டுக் கேக்கல," என்றது ஐவி நோஸ்கேயின் குரல். "டாக்டரைக் கூப்பிடலாம்னு எடுத்தேன்."

"டாக்டரை நீ தெனமும் ஒன்பது பத்துக்குக் கூப்பிடுற. இன்னும் உயிரோடதான் இருக்க."

"சரி, எடுத்தது எடுத்தாச்சு. சொல்லிடறேன். என்னோடதும் வெடிச்சுது. ரெண்டு தடவை. இனிமே உலர்திராட்சை வாங்க எங்க மாமியார்கிட்ட கேக்க முடியாது. 'மாட்டுக்கு வெக்கலாம், கோழிக்கு வெக்கலாம், மனுஷருக்கு வெக்காத'ன்னு சொல்லிட்டாங்க. நான் இந்த வருஷம் கண்காட்சிக்குக் கேக்கே அனுப்பல. பேரை அடிச்சுடச் சொல்லிடுங்க."

"அட, அவசரப்படாத, ஐவி," என்றாள் மேவிஸ். "மேல ஒரு காகிதம் போட்டு வேக வெச்சுப் பாரு."

"உன் கேக் எப்படி வந்துச்சு?" என்று கேட்டாள் ஹேசல்.

மேவிஸ் அலமாரியைப் பார்த்தாள். பத்து நாள் முன்னால் சுட்ட கேக் துணியில் சுற்றித் தகர டப்பாவுக்குள் இருந்தது. மேலே ஒரு கீறல் கிடையாது.

"நல்லாத்தான் வந்துச்சு," என்றாள்.

"உனக்கு வரும். தாளை எழுதினவளே நீதானே."

ரிசீவரை வைத்த பிறகும் அந்தக் கடைசிப் பேச்சு சமையலறையிலேயே நின்றது.

வெரிங்கா ஊர்க் கண்காட்சியில் பழக் கேக் போட்டிக்கு ஒரு சட்டம் உண்டு. அவரவர் கைப்பக்குவம் செல்லாது. கண்காட்சியை நடத்தும் சங்கம் அச்சிட்டுக் கொடுக்கும் குறிப்பில் உள்ளபடி, உள்ள அளவில், கூட்டாமல் குறைக்காமல் செய்ய வேண்டும். நாற்பது பெண்கள் ஒரே கேக்கைச் செய்து கொண்டுவருவார்கள்; அதில் எது நல்ல கேக் என்று நடுவர் வெட்டிப் பார்ப்பார். ஒரு முந்திரி அதிகமாகப் போட்டாலும் வெளியே. அந்தக் குறிப்பு வருஷா வருஷம் புதிதாகத் தலைநகரத்திலிருந்து வரும்.

அந்த வருஷக் குறிப்பும் அவுன்ஸில்தான் வந்தது. ஆனால் அரசாங்கம் அவுன்ஸுக்கு விடை கொடுத்துவிட்டது. எல்லாம் இனிமேல் கிராம், லிட்டர். கடையில் மாவு வாங்கினால் புது பிளாஸ்டிக் கப் ஒன்று இலவசம். சங்கத்துச் செயலாளர் மிஸஸ் பாஸ்கோ கமிட்டிக் கூட்டத்தில் கேட்டார்: "கிராமும் வேணும், கப்பும் வேணும். கிராம் தராசு ஊர்ல மூணு பேர்கிட்டதான் இருக்கு. மத்தவங்க கப்பாலதான் அளக்கணும். யார் மாத்திக் கொடுக்கிறீங்க?"

எல்லோரும் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்தார்கள். மேவிஸ் கை தூக்கினாள்.

ஏன் தூக்கினாள் என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அந்தக் கூட்டத்திலேயே இன்னொரு விஷயமும் பேசப்பட்டிருந்தது. வட்டாரத்துக்கு ஒரு பயிற்சி நடுவரை எடுக்கப் போகிறார்கள். ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை பதினோரு ஊர்க் கண்காட்சிகள். மூத்த நடுவரின் காரிலேயே போய், அந்தந்த ஊரில் தங்கி, கேக் வெட்டி, அட்டையில் குறை எழுதிப் பழக வேண்டும். சில ஊர்களில் இரண்டு இரவு, ஓரிடத்தில் மூன்று.

மேவிஸுக்கு ஐம்பத்துமூன்று வயது. கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்து இருபத்தொன்பது வருஷம். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் படுத்த நாட்களைத் தவிர வேறெங்கும் அவள் ராத்தங்கியதில்லை. வண்டி ஓட்டத் தெரியாது. "நான்தான் இருக்கேனே, உனக்கு எதுக்கு?" என்பான் ரெக்ஸ். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை டவுனுக்கு, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு. அவனே கூட்டிப்போவான், அவனே கூட்டிவருவான். அடிக்கிற ஆள் இல்லை, குடிக்கிற ஆள் இல்லை. "எங்க போகணும் உனக்கு? இங்க என்ன இல்லை?" என்று அவன் கேட்டால் அவள் அடுப்புப் பக்கம் போய்விடுவாள். பிள்ளைகள் இருவரும் அடிலெய்ட் போய்விட்டார்கள். ஜன்னலில் கோதுமைக் கிடங்கு தெரியும். காலையிலும் அதுதான், மாலையிலும் அதுதான்.

அவள் எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்த மிஸஸ் பாஸ்கோ, "இவ்வளவு சுத்தமா வேலை செய்றவங்கதான் நடுவரா வரணும்," என்று மண்டபத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னார். ரெக்ஸ் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தான். அவனை அங்கேயே கூப்பிட்டார்.

"ரெக்ஸ், உங்க மனைவியை வசந்தகாலத்துக்கு எங்களுக்குக் கடன் தருவீங்களா?"

அறுபது பேர் பார்க்க ஒருவன் என்ன சொல்வான்? "தாராளமா," என்றான். வண்டியில் வரும்போது பன்னிரண்டு மைலும் வாய் திறக்கவில்லை.

அச்சாகி வந்த தாளின் அடியில் சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள்: அளவுகளை மாற்றித் தந்தவர் திருமதி ரெ. டிரெலோர். முதல் எழுத்துகூட அவனுடையதுதான். ஆனாலும் மேவிஸ் அந்தத் தாளைத் துணி அலமாரியில் தன் உள்பாவாடைகளுக்கு அடியில் வைத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை ஹேசல் தன் பிக்கப் வண்டியைப் போட்டுக்கொண்டு வந்து இறங்கினாள். மாவுப் பொட்டலம், வெண்ணெய், பழங்கள், முட்டை, புது பிளாஸ்டிக் கப், எல்லாம் ஒரு பெட்டியில்.

"உன் அடுப்புல, உன் கண்ணு முன்னால செய்யப்போறேன். எங்க தப்புன்னு நீயே சொல்லு. இந்த வருஷம் நான் பரிசு ரிப்பன் வாங்கலேன்னா அந்த லிண்ட்னரம்மா மூஞ்சியை அடுத்த கண்காட்சி வரைக்கும் பார்க்கணும்."

"செய். நான் வாயே திறக்கல."

"நீயா?"

ஹேசல் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டாள். பொட்டலத்தின் வாயைக் கிழித்தாள். கப்பை நேராக உள்ளே விட்டு, மண் அள்ளுகிற மாதிரி ஒரு அள்ளு. மேஜை மேல் டொக் டொக் என்று இரண்டு தட்டு. இன்னும் கொஞ்சம் போட்டு, கத்தியால் வழித்தாள்.

"ஒண்ணு."

மேவிஸின் கை மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

"சலிக்கலையா?" என்றாள்.

"சலிக்கணும். தாள்ல போட்டிருக்கே, பட்டைத் தூளோட சேர்த்துச் சலிக்கணும்னு. அளந்தப்புறம் சலிப்பேன். ரெண்டு."

"அளக்கறதுக்கு முன்னால?"

"முன்னால எதுக்குடீ? இப்ப ஒரு தடவை, அப்ப ஒரு தடவையா? எனக்கு வேற வேலை இல்லையா? இதோ, அரை. ரெண்டரை."

மேவிஸ் அம்மா கொடுத்த அவுன்ஸ் தராசை இறக்கினாள். ஹேசலின் மாவை அப்படியே அதன் தட்டில் கொட்டினாள். முள் ஆடியது. பத்தைத் தாண்டியது. பன்னிரண்டைத் தாண்டியது. பதினாலில் நின்றது.

"பதினாலு அவுன்ஸ்," என்றாள் மேவிஸ்.

"எவ்வளவு இருக்கணும்?"

"பத்து."

ஹேசல் தராசைப் பார்த்தாள். மேவிஸைப் பார்த்தாள்.

"நீ எப்படி அளந்த?"

மேவிஸ் மூலையில் இருந்த மாவுத் தொட்டியின் மூடியைத் திறந்து காட்டினாள். அதன்மேல் சல்லடை கவிழ்ந்திருந்தது.

"நாங்க மூட்டையா வாங்கறோம். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவைதானே டவுனு. அதுவும் அவனுக்கு நேரமிருந்தா. மூட்டை பாதியாகுறதுக்குள்ள வண்டு வந்துடும். அதனால எடுக்கும்போதே சலிச்சுதான் எடுப்பேன். எதுக்கு எடுத்தாலும். சலிச்ச மாவைக் கப்புல கரண்டியால போட்டேன். பத்து அவுன்ஸுக்கு ரெண்டரைக் கப் வந்துச்சு."

"ஒரு தடவைதான் பார்த்தியா?"

"மூணு தடவை பார்த்தேன். மூணு தடவையும் ரெண்டரை. அரசாங்கம் அனுப்பின அளவு மாத்துற தாள்ல பத்து அவுன்ஸுக்கு ரெண்டு கப்புன்னுதான் போட்டிருந்தான். பட்டணத்துல உக்காந்து எழுதுறவன் மாவையே பார்த்திருக்க மாட்டான்னு நெனச்சேன்." மேவிஸ் நாற்காலியில் உட்கார்ந்தாள். "சலிக்காம மாவை அளக்கிற பொம்பளை இருப்பான்னு எனக்குத் தோணவே இல்லடீ."

"நான் வாராவாரம் கடைக்குப் போறேன். ரெண்டு பவுண்டு பொட்டலம். வண்டு வந்து எட்டிப் பார்க்கறதுக்குள்ள தீர்ந்துடும். எல்லாரும் அப்படித்தான். மூட்டை வாங்கறது இந்த ரோட்டுல நீ ஒருத்திதான்." ஹேசல் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். "அட கடவுளே. அப்போ முப்பத்தேழு வீட்டுல செங்கல் வெந்துட்டிருக்கு!"

மேவிஸ் சிரிக்கவில்லை.

"கிராம்ல சரியாத்தான் போட்டிருக்கேன். தராசு இருக்கிற மூணு பேருக்கும் நல்லா வரும்."

"பாஸ்கோ, லிண்ட்னர், பாதிரியார் பெண்சாதி," என்று ஹேசல் விரல் விட்டாள். "அவங்களுக்கு எதுதான் நல்லா வரல?"

ஹேசல் ஒரு நாற்காலியை மேவிஸ் பக்கம் இழுத்துப் போட்டாள். குரல் தாழ்ந்திருந்தது.

"இங்க பாரு. நீ யார்கிட்டயும் மூச்சு விடாத. சொன்னா உன் பயணம் போச்சு. மாவை அளக்கத் தெரியாதவளை நடுவராப் போடுவாங்களா? நான் இனிமே ரெண்டு கப் போட்டுக்கறேன். நீயும் நானும் கண்டுக்கலேன்னு விட்டுடுவோம்."

"மத்தவங்க?"

"மத்தவங்க அடுப்பைத் திட்டிக்கட்டும்."

"ஹேசல், செப்டம்பர்ல நான் நடுவர் பக்கத்துல பென்சிலோட நிப்பேன். ஐவி கேக்கை வெட்டுவாங்க. அட்டையில நான்தான் எழுதணும். 'வறட்சி. மாவு அதிகம்.' என் கையால எழுதணும்."

"ஐவி வரப்போறதில்ல. பேரை அடிக்கச் சொல்லிட்டாளே."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

ஹேசல் மாவைத் திரும்பப் பொட்டலத்தில் கொட்டினாள். மேஜையில் சிந்தியதைக் கையால் வழித்தாள். கேக் செய்யாமலேயே கிளம்பினாள். வண்டியில் ஏறியபின் தலையை வெளியே நீட்டி, "நான் சொன்னது உன் நல்லதுக்குத்தான்," என்றாள். "நான் ஜெயிக்கறதுக்காக இல்ல." ஒரு நிமிஷம் யோசித்தாள். "கொஞ்சம் அதுக்காகவும்தான்."

மிஸஸ் பாஸ்கோவிடம் தனியாகச் சொல்லிவிட்டால் போதும் என்று மேவிஸ் நினைத்தாள். ஆனால் எப்படி? தொலைபேசியில் பேசினால் ஏழு வீடு கேட்கும். கடிதம் எழுதினால் ரெக்ஸ்தான் தபாலில் போட வேண்டும், உறையைத் திருப்பிப் பார்த்து, "பாஸ்கோவுக்கு உனக்கு என்ன கடிதம்?" என்பான். நடந்து போக டவுன் பன்னிரண்டு மைல். சனிக்கிழமை முழுக்க அவள் தன் வீட்டுக்குள் ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போய்வந்தாள். ஒருமுறை வாசல் கதவைத் திறந்து, வெளியே எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்ப மூடினாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சர்ச் மண்டபத்தில் தேநீர். மிஸஸ் பாஸ்கோவைத் தண்ணீர் கொதிகலனுக்குப் பக்கத்தில் பிடித்தாள். சத்தத்தில் யாருக்கும் கேட்காது. நாலு வாக்கியத்தில் சொல்லி முடித்தாள்.

மிஸஸ் பாஸ்கோ கோப்பையைத் தட்டில் வைத்தார்.

"எனக்குக் கேக் நல்லா வந்ததே."

"உங்ககிட்ட தராசு இருக்கு."

"ஆமா." அவர் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. நல்ல துணியில் விழுந்த கறையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "மிஸஸ் டிரெலோர், அச்சடிச்ச குறிப்பைச் சங்கம் நடுவுல திருத்தினதே இல்ல. ஒரு தடவை திருத்தினா ஒவ்வொரு வருஷமும் தோத்தவங்க எல்லாரும் குறிப்பு தப்புன்னு வருவாங்க. இந்தக் கண்காட்சி முடியட்டும். அடுத்த வருஷம் சரியாப் போட்டுக்கலாம்."

"அப்போ இந்த வருஷம் சுட்டவங்க?"

"கேக்தானே? யாரும் சாகப் போறதில்ல." அவர் மேவிஸின் கையை லேசாகத் தட்டினார். "நீங்க என்கிட்ட வந்தது நல்லதாப் போச்சு. உங்க பேரு கெடாம நான் பார்த்துக்கறேன். என்கிட்ட சொல்லிட்டீங்க, அதோட விடுங்க. நடுவரா வர்றவங்களுக்கு முதல்ல வேண்டியது என்ன தெரியுமா? வாய் அடக்கம்."

"சரி, மிஸஸ் பாஸ்கோ," என்றாள் மேவிஸ். அவளுக்கே தெரியாமல் வந்த வார்த்தை. இருபத்தொன்பது வருஷப் பழக்கம்.

அப்போது ஐவி தட்டு நிறைய சாண்ட்விச் எடுத்துக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போனாள். பின்னாலேயே அவள் மாமியார்.

"இது கடையில வாங்கின ரொட்டி, தைரியமாச் சாப்பிடுங்க," என்று மாமியார் பாதிரியாரிடம் சொல்வது கொதிகலன் சத்தத்தையும் மீறிக் கேட்டது. "எங்க ஐவி சுட்டது இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். ஐவியும் சிரித்தாள். தட்டு மட்டும் சாய்ந்தது.

வண்டியில் ரெக்ஸ் கேட்டான்: "அந்தம்மாவோட என்ன குசுகுசு?"

"பயணத்தைப் பத்தி."

"ஏதாவது மாறிடுச்சா?"

அவன் கேட்ட விதத்தில் ஒரு ஆசை இருந்தது. மேவிஸ் அதைக் கவனித்தாள்.

"இல்ல. மாறல."

"ம்." அவன் கொஞ்ச தூரம் ஓட்டினான். "மூணு ராத்திரி தங்குற ஊரு எதுன்னு சொன்ன? அன்னிக்கு நான் என்ன சாப்பிடறது?"

"குளிர்ந்த ஆட்டுக்கறி வெச்சுட்டுப் போறேன்."

"மூணு நாளும் குளிர்ந்த ஆட்டுக்கறியா?"

"அதுல கடுகுச் சாந்து தடவிக்கோ."

ரோட்டின் இரண்டு பக்கமும் முள்வேலி ஓடிக்கொண்டே வந்தது. கார் ஒன்று எதிரே வந்து போனது. யார் கார் என்று இருவருக்கும் தெரியும். ரெக்ஸ் ஒரு விரலைத் தூக்கினான். ஆகஸ்ட் பதினேழு என்று மேவிஸ் மனதுக்குள் எண்ணினாள். அன்றைக்கு முதல் ஊர். இன்னும் பதின்மூன்று நாள். பதின்மூன்று நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். இத்தனை வருஷம் மூடியிருந்த வாய்தான், இன்னும் பதின்மூன்று நாள் ஒரு பெரிய விஷயமா?

பிறகு அந்தக் காரில் ஏறி உட்காருவாள். மூத்த நடுவர் ஓட்டுவார். போகிற ஊரிலெல்லாம் நன்றாக நடந்துகொள்வாள், சொன்னதற்கெல்லாம் சரி என்பாள். இந்த வண்டியில் இருபத்தொன்பது வருஷமாக அதைத்தானே செய்கிறாள்?

திங்கட்கிழமை காலை ஒன்பது பத்து. ரெக்ஸ் கொட்டகையில் வண்டிக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தான். மேவிஸ் கைப்பிடியைச் சுழற்றினாள்: மூன்று குட்டை. ஏழு வீட்டிலும் மணி அடித்திருக்கும்.

"ஹலோ?" என்றாள் ஹேசல்.

"ஹேசல், நான்தான். பேசாத. கொஞ்ச நேரம் பேசாம இரு."

"என்னடீ ஆச்சு? ரெக்ஸுக்கு ஏதாவதா?"

"பேசாத."

மேவிஸ் காத்திருந்தாள். ஒரு க்ளிக். இன்னொன்று. எங்கோ ஒரு குழந்தை அழுதது. சட்டென்று வாய் பொத்தியது போல் நின்றது. மூன்று. நாலு. சுவர்க் கடிகாரம் ஒன்றின் சத்தம். அது ஷுல்ட்ஸ் வீட்டுக் கடிகாரம். ஐந்து.

"ஐவி, இருக்கியா?"

எங்கோ ஒரு நாற்காலி நகர்ந்தது.

"ஐவி, டாக்டர்கிட்ட அப்புறம் பேசிக்கலாம். எனக்கு நீ வேணும்."

"...இருக்கேன்," என்றாள் ஐவி.

"எல்லாரும் பென்சில் எடுங்க. கேக் தாளையும் எடுங்க."

"மேவிஸ், வேண்டாம்," என்றாள் ஹேசல்.

"மாவு ரெண்டரைக் கப்னு போட்டிருக்கு, இல்லையா? அதை அடிங்க. ரெண்டுன்னு எழுதுங்க. சலிக்காத மாவு. கப்பைத் தட்டக் கூடாது, அமுக்கக் கூடாது. நான் சலிச்ச மாவை அளந்துட்டு எழுதிட்டேன். தப்பு என்னோடது. உங்க அடுப்பு இல்ல, உங்க கை இல்ல, முட்டை இல்ல. மாவு நாலு அவுன்ஸ் அதிகம். யாரு செஞ்சிருந்தாலும் வெடிச்சிருக்கும்."

முதலில் வந்தது மிஸஸ் ஷுல்ட்ஸின் கட்டைக் குரல்: "நாசமாப் போச்சு! நான் மூணு கேக்கைப் பன்னிக்குப் போட்டேன்."

"பன்னி சாப்பிட்டுச்சா?" என்றது வேறொரு குரல்.

"ஒண்ணைச் சாப்பிட்டுச்சு."

"எங்க மாமியாரைக் கூப்பிடறேன், இரு," என்றாள் ஐவி. "இன்னொரு தடவை சொல்லு, மேவிஸ். அதே மாதிரி, மொதல்லேர்ந்து. உங்க கை இல்லன்னு சொன்னியே, அதையும் சொல்லு."

மேவிஸ் இன்னொரு தடவை சொன்னாள். அதே மாதிரி, முதலிலிருந்து.

டவுனுக்குச் செய்தி போகப் பதினொன்றரை ஆனது. பன்னிரண்டுக்கு முன் இரண்டு நீளம், ஒரு குட்டை.

"மிஸஸ் டிரெலோர், நான் கமிட்டியில மூணு பேரோட பேசிட்டேன்," என்றார் மிஸஸ் பாஸ்கோ. கம்பியில் வேறு ஆட்கள் இருப்பது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்; ஒவ்வொரு சொல்லையும் துடைத்து எடுத்து வைத்தார். "குறிப்பைத் திருத்தி எல்லாருக்கும் தபால்ல அனுப்பறோம். அனுப்பியே ஆகணும்னு ஆக்கிட்டீங்க. பயிற்சி நடுவரா மிஸஸ் லிண்ட்னர் போவாங்க. காரணம் உங்களுக்கே தெரியும்."

"தெரியும்."

"எனக்கு வருத்தம்தான்."

"எனக்கும்தான், மிஸஸ் பாஸ்கோ."

அவர் வைத்துவிட்டார். கம்பியில் இருந்த மற்றவர்கள் ஒவ்வொருவராக வைத்தார்கள். மேவிஸ் கடைசியாக வைத்தாள்.

ரெக்ஸ் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தபோது தட்டு மேஜையில் இருந்தது. கை கழுவினான், துண்டில் துடைத்தான். யாரோ அவனிடம் சொல்லிவிட்டார்கள் என்று அவன் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது.

"ஷுல்ட்ஸ் வேலிப் பக்கம் வந்தான்," என்றான்.

"ம்."

"அப்போ நீ போகல."

"போகல."

"லிண்ட்னரா?"

"லிண்ட்னர்."

அவன் கறியை வெட்டினான். ஒரு துண்டு, இன்னொரு துண்டு. வெட்டியதைச் சாப்பிடாமல் வெட்டிக்கொண்டே இருந்தான்.

"மோசம்தான்," என்றான். "உனக்குக் கஷ்டமா இருக்கும்."

மேவிஸ் அவன் முகத்தைப் பார்த்தாள். நெற்றியில் எண்ணெய் ஒட்டியிருந்தது. இரண்டு மாதமாக இறுகிக் கிடந்த தாடை தளர்ந்திருந்தது.

"உனக்குச் சந்தோஷம்," என்றாள்.

"நான் எங்க அப்படிச் சொன்னேன்?"

"சொல்லல. சந்தோஷப்படு, பரவாயில்ல. ஆனா என்கிட்ட மறைக்காத. எனக்கு இன்னிக்கு அதையும் தாங்க முடியாது."

அவன் கத்தியைக் கீழே வைத்தான். ஜன்னலைப் பார்த்தான். ஜன்னலில் கிடங்குதான் தெரிந்தது.

"ஆமா," என்றான் கடைசியில். "சந்தோஷம்தான். ஷுல்ட்ஸ் சொன்னதும் அப்பாடான்னு இருந்துச்சு. நீ இல்லாத வீட்டுல நான் என்ன பண்ணுவேன்னு தெரியல, மேவ். சாப்பாட்டை விடு. சாயங்காலம் உள்ள வந்தா யாரும் இருக்க மாட்டாங்க. அதை நெனச்சாலே எனக்கு ஒரு மாதிரி ஆகுது."

இருபத்தொன்பது வருஷத்தில் அவன் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதில்லை. மேவிஸுக்கு அவன்மேல் இரக்கம் வந்தது. அந்த இரக்கம் வந்ததற்காகத் தன்மேல் கோபமும் வந்தது.

"நீ இருக்கிற வீட்டுல நான் என்ன பண்ணறேன்னு ஒரு நாளாவது கேட்டியா?" என்றாள்.

அவன் உப்புக் குப்பியைத் தன் பக்கம் இழுத்தான். பிறகு, கணக்கு தீர்க்கிறவன்போல அவசரமாகச் சொன்னான்:

"நான் கூட்டிட்டுப் போறேன். பக்கத்து ஊர்க் கண்காட்சிக்கு. ஒரு நாள். காலையில போய்ட்டு ராத்திரிக்குள்ள வந்துடலாம். நீ கேக்கெல்லாம் பார்க்கலாம்."

"வேடிக்கை பார்க்கிறவங்களோட கயித்துக்கு இந்தப் பக்கம் நின்னுக்கிட்டேவா?"

"எல்லாரும் அங்கதானே நிப்பாங்க?"

"லிண்ட்னர் அந்தப் பக்கம் பென்சிலோட நிப்பா. நீ என் பக்கத்துல தொப்பியைக் கையில வெச்சுட்டு நிப்ப. மணி மூணாச்சு, ஆட்டுக்குத் தீனி வெக்கணும்ப."

"வெக்கத்தானே வேணும்?"

"வேண்டாம், ரெக்ஸ்."

"எது வேண்டாம்? தீனியா?"

"கூட்டிட்டுப் போக வேண்டாம். யாராவது கூட்டிட்டுப் போயி, யாராவது கூட்டிட்டு வர்றதா இருந்தா எனக்கு வேண்டாம்."

அவன் புரிந்துகொள்ளப் பார்த்தான். முகத்தைச் சுளித்துக்கொண்டு, தூரத்தில் வரும் வண்டி யாருடையது என்று பார்ப்பதுபோல அவளைப் பார்த்தான். பிறகு முள்கரண்டியை எடுத்தான்.

"கறி நல்லா இருக்கு," என்றான்.

"அந்த உப்பை இந்தப் பக்கம் தள்ளு," என்றாள் மேவிஸ்.